வீட்டு வைஃபை பிரிண்டருக்கு நிலையான முகவரி: கரண்ட் போய் வந்தாலும் 'ஆஃப்லைன்' ஆகாமல் அமைக்கும் முறை

மகளின் நீட் தேர்வுக்கு முந்தைய இரவு. எட்டரை மணிக்குக் கரண்ட் போய் அரை மணி நேரத்தில் வந்தது. அட்மிட் கார்டை அச்சடிக்க மடிக்கணினியைத் திறந்தால், பிரிண்டரின் பெயருக்குக் கீழே 'ஆஃப்லைன்' என்று இருந்தது. பிரிண்டரில் வைஃபை விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன், ரவுட்டரையும் அணைத்துப் போட்டேன், ஒன்றும் அசையவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையும் மூடியாயிற்று. கடைசியில் பரணில் கிடந்த பழைய யுஎஸ்பி கேபிளைத் தேடியெடுத்து நேராகச் சொருகி அச்சடித்தோம். அவள் தூங்கப் போன பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மடிக்கணினி இன்னமும் 192.168.1.4 என்ற முகவரிக்கே அச்சு வேலையை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த முகவரியில் இப்போது இருந்தது மாமியாரின் கைபேசி. பிரிண்டர் 192.168.1.7-க்குப் போய்விட்டிருந்தது.

வைஃபை பிரிண்டர் வைத்திருக்கும் பல வீடுகளில் இதே கதைதான் நடக்கிறது. பிரிண்டர் மட்டம் என்று முடிவு கட்டி, திரும்ப யுஎஸ்பி கேபிளுக்கே போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நிரந்தரமாகச் சரிசெய்துவிடலாம். அதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

முகவரி ஏன் மாறுகிறது

வீட்டு வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர்தான் ஐபி முகவரி கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். இன்று எல்லா ரவுட்டரும் பின்பற்றும் வடிவம் 1997-இல் வந்தது. முகவரியை ரவுட்டர் எழுதிக் கொடுத்துவிடுவதில்லை, குத்தகைக்குத்தான் விடுகிறது. பெரும்பாலும் 24 மணி நேரக் குத்தகை. பாதிக் காலம் முடிந்ததும் கருவி புதுப்பித்துக்கொள்ளும். தொடர்ந்து இயங்கிக்கொண்டே இருக்கும் வரை அதே முகவரி நீடிக்கும்.

சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. வீட்டுப் பிரிண்டரை நாம் வாரத்துக்கு ஒரு தடவைதான் போடுகிறோம். அதற்குள் குத்தகை முடிந்து, அந்த முகவரி வேறு யாருக்காவது போயிருக்கும். மற்றொன்று மின்தடை. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவும் யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் பட்டியலும் போயிற்று. லாட்ஜில் பதிவேடு தொலைந்துபோனால் மேலாளர் என்ன செய்வார்? முதலில் வந்து நிற்பவருக்கு முதல் அறையைக் கொடுப்பார். கைபேசி சட்டென்று சேர்ந்துவிடும். பிரிண்டர் சூடேறி, உறுமி, ஹெட்டைச் சரிபார்த்துவிட்டு நிதானமாக வரும். வரும்போது அதன் அறையில் வேறொருவர் இருப்பார்.

கணினிக்கு இது எதுவும் தெரியாது. பழைய முகவரியைத் தட்டும். கைபேசி கதவைத் திறக்காது. உடனே 'ஆஃப்லைன்' என்று எழுதிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்க வேண்டும். பிறகு அந்த முகவரிக்கே அனுப்பும்படி கணினியில் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு 'சரியாகவே இல்லையே' என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

முதலில் பிரிண்டரை வைஃபையில் ஒழுங்காகச் சேருங்கள்

வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பினால் சில பிரிண்டர்கள் சேரத் திணறும். அப்படி இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, பிரிண்டரை 2.4-இல் சேருங்கள். கணினி 5-இல் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே வீட்டு வலையமைப்புதான். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் மட்டும் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அதில் உள்ள கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்துவிடும்.

திரை இல்லாத பிரிண்டர் என்றால், கடவுச்சொல் தட்டாமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் எளிது. ரவுட்டரில் அமுக்கிய 2 நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் வைஃபை பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ரவுட்டரில் அந்தப் பொத்தான் இல்லையென்றால் பிரிண்டர் நிறுவனத்தின் கைபேசிச் செயலி வழியாகச் சேருங்கள்.

சேர்ந்த பிறகு பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் நிலை அறிக்கையை அச்சடியுங்கள். திரை உள்ளவற்றில் நெட்வொர்க் மெனுவில் இருக்கும். மற்றவற்றில் தாள் அல்லது 'ஐ' எழுத்துப் படம் போட்ட பொத்தானை அமுக்கினாலோ சில விநாடி பிடித்தாலோ வரும். அந்தத் தாளில் இரண்டு விவரம் வேண்டும்: இப்போதைய ஐபி முகவரி, மேக் முகவரி.

மேக் முகவரி என்பது அந்த வைஃபை சில்லுக்குத் தொழிற்சாலையிலேயே கொடுத்த எண். 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்து 12 இலக்கம். முதல் 6 இலக்கம் எந்த நிறுவனம் என்பதைச் சொல்லும். கையால் எழுதும்போது கவனம்: 8-ஐயும் ஆங்கில 'பி' எழுத்தையும் மாற்றிப் படித்து அரை மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன். வட்டமாக இருப்பது எல்லாம் சுழியம்தான், 'ஓ' எழுத்து இதில் வரவே வராது.

இன்னொரு கண்ணி. லேன் கேபிள் துளையும் வைஃபையும் இரண்டும் உள்ள பிரிண்டரில் இரண்டுக்கும் வேறு வேறு மேக் முகவரி. வைஃபையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் வைஃபையின் எண்ணையே எடுங்கள். பிரிண்டர் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தால், என்னைக் கேட்டால், கேபிள்தான் மேல். அதற்கு நிகரான நிம்மதி வைஃபையில் இல்லை.

ரவுட்டரில் முகவரி ஒதுக்குவது

ரவுட்டரின் பக்கத்துக்குள் போக அதன் முகவரி வேண்டும். விண்டோஸில் வைஃபை அமைப்புகளில் 'டிஃபால்ட் கேட்வே' என்று இருப்பது அதுதான். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. வீடு, அலுவலகம் போன்ற உள் வலையமைப்புகளுக்குள் மட்டும் பயன்படுத்த என்று 1996-இல் ஒதுக்கிய எண் வரிசைகளில் 192.168 ஒன்று. அதனால்தான் எல்லார் வீட்டிலும் இதே முகமாக இருக்கிறது. உலாவியின் முகவரிப் பட்டையில் அந்த எண்ணைத் தட்டுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் உள்ள ஒட்டுத்தாளில் இருக்கும். வைஃபை கடவுச்சொல்லும் இதுவும் ஒன்றல்ல.

உள்ளே 'லேன்' அல்லது 'டிஎச்சிபி சர்வர்' பகுதியைத் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது முகவரித் தொகுப்பு: எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ரவுட்டர் தானாக வழங்குகிறது என்பது. பல ரவுட்டர்களில் இது 2 முதல் 254 வரை முழுதாகத் திறந்து கிடக்கும். நான் அதை 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று சுருக்கிவிடுவேன். ஒரு வீட்டுக்கு நூறு முகவரி தாராளம். 100-க்குக் கீழே உள்ளவை நம் கையிருப்பு.

அடுத்து ஒதுக்கீடு. இதற்கு ரவுட்டருக்கு ஒரு பெயர்: 'அட்ரஸ் ரிசர்வேஷன்', 'ஸ்டேடிக் லீஸ்', 'ஐபி-மேக் பைண்டிங்', 'ஸ்டேடிக் டிஎச்சிபி' என்று எது இருந்தாலும் ஒன்றுதான். அங்கே புதிய வரி சேர்த்து, பிரிண்டரின் மேக் முகவரியையும் 192.168.1.50 என்ற முகவரியையும் கொடுத்துச் சேமியுங்கள். சில ரவுட்டர்கள் தொகுப்புக்கு வெளியே உள்ள எண்ணை ஏற்காமல் பிழை காட்டும். காட்டினால் தொகுப்புக்குள்ளேயே 192.168.1.150 என்று கொடுங்கள். ரவுட்டரே ஒதுக்கியதால் அதை வேறு யாருக்கும் தராது.

பிரிண்டருக்குள் எதையும் மாற்ற வேண்டாம். அது 'ஆட்டோ' அல்லது டிஎச்சிபி நிலையிலேயே இருக்கட்டும். அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் புதிய முகவரியை வாங்கிக்கொள்ளும். இன்னொரு நிலை அறிக்கை அச்சடித்து 50 வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை மேக் முகவரியில் ஒரு எழுத்து தவறு.

பிரிண்டருக்குள்ளேயே எண்ணை எழுதிவிட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும். ஆனால் பிரிண்டர் அடம்பிடித்து ஒரு எண்ணில் உட்கார்ந்திருப்பது ரவுட்டருக்குத் தெரியாது. அதே எண்ணை ஒரு நாள் யாராவது விருந்தாளியின் கைபேசிக்குக் கொடுத்துவிடும். இரண்டும் மோதும், ஒரு பக்கம் அச்சாகும், அடுத்தது ஆகாது. இந்த மாதிரி விட்டுவிட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. எல்லா முகவரியும் ஒரே இடத்தில், ரவுட்டரில், எழுதப்பட்டிருப்பதே முறை.

ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால்

எனக்கு அதுதான் நடந்தது. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில், எனக்குத் தந்த கணக்கில் ஒதுக்கீட்டு மெனுவே தெரியவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று தடவை போன் செய்தும் என்ன கேட்கிறேன் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை. நம் காசில் ஓடும் பெட்டியில் நமக்கே ஒரு பூட்டு என்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நல்ல வேளையாக முகவரித் தொகுப்பைச் சுருக்கும் இடம் மட்டும் திறந்திருந்தது. இந்த நிலையில் பிரிண்டருக்குள் எழுதுவதே வழி. தொகுப்பை 100-இலிருந்து தொடங்கும்படி சுருக்கிவிட்டால் மோதல் பயமும் இல்லை.

உலாவியில் பிரிண்டரின் இப்போதைய ஐபி முகவரியைத் தட்டினால் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று உலாவி எச்சரித்தால் வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டர்தானே என்று தொடரலாம். நிர்வாகக் கடவுச்சொல் பல மாடல்களில் பின்பக்க ஒட்டுத்தாளில் இருக்கும். சிலவற்றில் வரிசை எண்ணே கடவுச்சொல். நெட்வொர்க் பகுதியில் 'ஆட்டோ' என்பதை 'மேனுவல்' ஆக்கி இவற்றை நிரப்புங்கள்:

ஐபி முகவரி: 192.168.1.50
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
கேட்வே: 192.168.1.1
டிஎன்எஸ்: 192.168.1.1

கேட்வேயில் உங்கள் ரவுட்டரின் முகவரி வர வேண்டும். முதல் மூன்று எண் தொகுதிகள் ரவுட்டருடையதைப் போலவே இருக்க வேண்டும், உங்களுடையது 192.168.29.1 என்றால் பிரிண்டருக்கு 192.168.29.50. சேமித்தவுடன் பக்கம் உறைந்து நிற்கும். பிரிண்டர் புதிய முகவரிக்குப் போய்விட்டதால் அப்படி. புதிய எண்ணைத் தட்டித் திறந்து பாருங்கள்.

விண்டோஸில் செய்ய வேண்டியது

அதிகம் தவறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். விண்டோஸ் தானாகப் பிரிண்டரைக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது பல சமயம் டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட்டில் சேர்க்கிறது. போர்ட் என்பது கணினி அச்சு வேலையை வெளியே அனுப்பும் வாசல். டபிள்யூஎஸ்டி பிரிண்டரைப் பெயர் சொல்லிக் கூவித் தேடும் முறை. பதில் வரத் தாமதமானால், பிரிண்டர் தூக்க நிலையில் இருந்தால், 'ஆஃப்லைன்' என்று கையை விரித்துவிடும். நாம் முகவரியை ஒதுக்கியது நேராக அந்த எண்ணுக்கே அனுப்புவதற்காக. அதற்கு 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' வேண்டும்.

தொடங்கும் முன் கணினியிலிருந்து பிரிண்டர் எட்டுகிறதா என்று பாருங்கள். கட்டளை தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் கட்டளையுடன் 192.168.1.50 என்று கொடுங்கள். நான்கு வரியும் மில்லிவிநாடிக் கணக்குடன் பதிலாக வந்தால் பாதை சரி. 'அன்ரீச்சபிள்' என்று வந்தால் மேற்கொண்டு போகாதீர்கள், பாதையைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பிரிண்டர் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் நீக்க வேண்டாம். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸ் போய், உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து, 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' தாவலுக்கு வாருங்கள். 'ஆட் போர்ட்', 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்', 'நியூ போர்ட்' என்று போய் 192.168.1.50 கொடுங்கள். 'ஜெனரிக் நெட்வொர்க் கார்டு' என்று ஒரு கட்டம் வந்தால் அப்படியே விட்டு அடுத்ததற்குப் போகலாம். முடிந்ததும் பட்டியலில் புதிய போர்ட்டுக்கு நேரே குறி விழுந்திருக்கிறதா என்று பார்த்து 'அப்ளை' கொடுங்கள்.

அதே தாவலில் 'கான்ஃபிகர் போர்ட்' அமுக்குங்கள். வகை 'ரா', போர்ட் எண் 9100 என்று இருக்க வேண்டும். கீழே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்த வழியாகத்தான் பிரிண்டரிடம் 'இருக்கிறாயா' என்று விசாரிக்கிறது. வீட்டுப் பிரிண்டர் சில அதற்குப் பதில் சொல்லாது. பதில் வராததால், நன்றாக இயங்கும் பிரிண்டரையும் விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்று நிறுத்திவைக்கும். வீடு வீடாகப் போய் நான் சரிசெய்த பிரிண்டர்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு குறியை எடுத்ததிலேயே சரியாயிற்று.

புதிதாகச் சேர்ப்பவர்கள் முதலில் நிறுவனத்தின் டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருளை, நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு 'ஆட் டிவைஸ்' கொடுத்துக் கொஞ்சம் காத்திருந்தால் கையால் சேர்க்கும் வழி கீழே தோன்றும். அதில் ஐபி முகவரி வழியாகச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, கருவி வகையில் 'ஆட்டோடிடெக்ட்' விடாமல் 'டிசிபி/ஐபி டிவைஸ்' என்று மாற்றுங்கள்.

பழைய, டபிள்யூஎஸ்டி வழியில் சேர்ந்த இரட்டைப் பிரிண்டர் பட்டியலில் இருந்தால் நீக்கிவிடுங்கள். பெயர் ஒன்றாக இருக்கும், அவசரத்தில் அதற்கு அனுப்பிவிட்டுத் தவிப்போம்.

ஸ்கேனர் தனிக் கணக்கு. அச்சுக்குப் போர்ட் மாற்றினால் ஸ்கேனுக்கு மாறாது. எப்சனில் 'எப்சன் ஸ்கேன் 2 யுடிலிட்டி'யில் முகவரியைச் சேர்க்கலாம். மற்றவற்றிலும் நிறுவனத்தின் ஸ்கேன் மென்பொருளுக்குள் அந்த இடம் இருக்கும்.

ஆப்பிள் மேக் கணினி, கைபேசி, லினக்ஸ்

ஆப்பிள் மேக் கணினியில் பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸில் சேர்க்கும்போது உருண்டைப் பூகோளப் படம் உள்ள தாவலைத் திறந்து முகவரியைக் கொடுங்கள். புரோட்டோகாலில் ஏர்பிரிண்ட் இருந்தால் அதுவே போதும். ஐபோனில் முகவரி கொடுக்கும் இடமே இல்லை. 2010 முதல் ஏர்பிரிண்ட் வழியாகத் தானே தேடிக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் 'பிரிண்டிங்', அதில் 'டிஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ்', மூன்று புள்ளி மெனுவில் 'ஆட் பிரிண்டர்' வழியாக ஐபி முகவரி கொடுக்கலாம். லினக்ஸில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும்.

மாடியில் ஒரு ரவுட்டர், கீழே ஒரு ரவுட்டர்

இரண்டு மாடி வீடுகளில் மேலே சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டியிருப்பார்கள். கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை என்று வீடு இரண்டு வலையமைப்பாகப் பிரிந்துவிடும். மேலே உள்ள பிரிண்டரைக் கீழே இருக்கும் கணினி எட்டவே முடியாது. முகவரியை எத்தனை உறுதியாக ஒதுக்கினாலும் பயனில்லை. கைபேசிகள் பிரிண்டரைத் தேடும் கூவலும் அந்தச் சுவரைத் தாண்டாது.

மருந்து: மேலே உள்ள ரவுட்டரை, தனி வலையமைப்பு உருவாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழைய பெட்டி என்றால், முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை, இணையம் உள்ளே வரும் 'வான்' துளையிலிருந்து பிடுங்கி 'லேன்' துளை ஒன்றில் சொருகுங்கள். வீடு ஒரே வலையமைப்பாகிவிடும்.

கரண்டை நாமே நிறுத்திப் பார்ப்பது

இப்போது அச்சாகிறது என்பதால் வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். ரவுட்டர், பிரிண்டர் இரண்டின் சுவிட்சையும் பத்து நிமிடம் அணையுங்கள். ரவுட்டரை மட்டும் முதலில் போட்டு, வீட்டில் உள்ள எல்லாக் கைபேசியும் வைஃபையில் சேரும் வரை காத்திருங்கள். அதன் பிறகு பிரிண்டரைப் போடுங்கள். பழைய அமைப்பில் பெரும்பாலும் முகவரி பறிபோயிருக்கும் வரிசை இது. இப்போதும் பிங் பதில் வந்து, ஒரு பக்கம் அச்சானால், தேர்வுக்கு முந்தைய இரவிலும் அது அச்சாகும்.

ஆகாவிட்டால், வரிசையில் தேங்கிய பழைய வேலைகளை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். முதல் தாள் மட்டும் அரை நிமிடம் தாமதமானால் அது தூக்கத்திலிருந்து எழும் நேரம், கோளாறு அல்ல. சில மணி நேரத்தில் தானே அணைந்துபோகும் பிரிண்டர் என்றால் அதன் அமைப்புகளில் 'பவர் ஆஃப் டைமர்' நிறுத்துங்கள்.

வெளியூரிலிருந்து அச்சடிக்கலாம் என்று ரவுட்டரில் 9100 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் போர்ட்டுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. 2018 கடைசியில் அப்படித் திறந்து கிடந்த பல்லாயிரம் பிரிண்டர்களில், ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்கும் தாளை ஒருவர் உலகெங்கும் அச்சாக வைத்தார். அன்று வந்தது வெறும் விளம்பரம். யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பியிருக்கலாம்.

இணைய நிறுவனத்தை மாற்றும்போது

புதிய பெட்டி வந்தால் வைஃபை பெயர், எண் வரிசை எல்லாம் மாறும். பிரிண்டருக்குள் முகவரி எழுதியவர்களுக்கு அன்று தலைவலி. பிரிண்டர் பழைய வரிசையிலேயே நிற்கும், பக்கம்கூடத் திறக்காது. புதிய ரவுட்டரை மாட்டிய கையோடு அதன் லேன் முகவரியைப் பழையதைப் போலவே 192.168.1.1 ஆக்குங்கள். பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் அப்படியே வையுங்கள். தொகுப்பை 100-இலிருந்து தொடங்கி, பிரிண்டரின் மேக் முகவரிக்கு 192.168.1.50 ஒதுக்குங்கள். பிரிண்டர் தானே வந்து சேர்ந்துகொள்ளும். வீட்டில் ஒரு கணினியைக்கூடத் தொட வேண்டியிராது. அந்த மேக் முகவரிதான் அன்றைக்குத் தேவைப்படும். நான் அதையும் 50 என்ற எண்ணையும் ஒரு சிறு தாளில் எழுதி, பிரிண்டரின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.